போகிக்கு முன் பரணைப் பாருங்கள்: மாத நாவல்களின் கதை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கக் கீழே இறங்கியபோது, பி பிளாக் லிஃப்ட் பக்கத்தில் சணல் கயிறு போட்ட ஒரு கட்டு இருந்தது. பழைய பேப்பர்காரருக்காக யாரோ எடுத்து வைத்தது. மேலே நாளிதழ்கள், அடியில் பிள்ளைகளின் பள்ளிக் கைடுகள், நடுவில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதான முப்பது நாற்பது புத்தகங்கள். அட்டையில் ஒரு துப்பாக்கி, பயந்த ஒரு பெண் முகம், கொட்டை எழுத்தில் தலைப்பு. கட்டை அவிழ்க்காமலே என்னவென்று தெரிந்துவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கும் தெரிந்திருக்கும். மாத நாவல்கள்.

அந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "எடுத்துக்குங்க சார். பொங்கலுக்குள்ள பரணைக் காலி பண்ணணும்னு வீட்ல உத்தரவு. இனிமே இதையெல்லாம் யாரு படிக்கப் போறா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. இந்தக் குடியிருப்புக்குக் குடிவந்தபோது நானும் அதையே செய்தேன். அம்மா சேர்த்து வைத்திருந்த இரண்டு டிரங்குப் பெட்டி நாவல்களைக் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்டேன். புது வீட்டில் இடமில்லை என்று காரணம் சொன்னேன். அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. இப்போது 82 வயதில், கண் அறுவை சிகிச்சை முடிந்து பார்வை திரும்பிய பிறகு, "அந்த மலை பங்களா கதை வேணும்டா" என்று கேட்கிறார். கதை முழுக்க ஞாபகம் இருக்கிறது. தலைப்பு மட்டும் ஞாபகமில்லை. ஒரு வருடமாகத் தேடுகிறேன். அப்படித் தேடியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ரூபாய்க்கு ஒரு நாவல்

தமிழில் மர்மக் கதைக்கு வயது நூறுக்கு மேல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜே.ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' எழுதி, துப்பறியும் கோவிந்தனை வீடு வீடாகக் கொண்டு சேர்த்துவிட்டார். அதே காலத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நாவல் மேல் நாவலாக எழுதித் தள்ளினார்கள். வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தது, எம்.என். நம்பியார் பல வேடங்களில் நடித்தார். வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையைத் தாமே நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். பிறகு தமிழ்வாணன் வந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, 'கல்கண்டு' வார இதழ், துப்பறியும் சங்கர்லால் என்று ஒரு தலைமுறையையே பிடித்து வைத்திருந்தார்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நாவலைச் சொந்தமாக வாங்குவது என்பது சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாத செலவு. வாரப் பத்திரிகையில் தொடராக வரும்போது படிப்பார்கள். சிலர் அந்தப் பக்கங்களைக் கிழித்து எடுத்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்து காலிகோ அட்டை போட்டு வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி இருந்தன. ஓரத்தில் பாதி விளம்பரம், பாதி துணுக்கு, நடுவில் தொடர்கதை.

இதை மாற்றியது 'ராணிமுத்து'. தினத்தந்தி குழுமம் 1969-இல் அதைத் தொடங்கியது. மாதம் ஒரு முழு நாவல், விலை 1 ரூபாய். முதலில் வந்தது அகிலனின் 'பொன்மலர்'. ஏற்கெனவே பேர் பெற்ற எழுத்தாளர்களின் நாவல்கள் பெட்டிக்கடையில் தினசரிப் பேப்பர் பக்கத்தில் தொங்க ஆரம்பித்தன. ராணிமுத்து காலண்டர் இன்றும் நம் குடியிருப்பில் எத்தனையோ சமையலறைச் சுவர்களில் முருகன் படத்தோடு தொங்குகிறது. அது ஒரு நாவல் பத்திரிகையின் பெயர் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புத்தகமா, பத்திரிகையா?

இந்த இடத்தில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். மாத நாவலின் வெற்றிக்கும் பிற்பாடு அது தொலைந்துபோனதற்கும் இதுவே காரணம்.

உள்ளே இருப்பது ஒரு முழு நாவல். ஆனால் சட்டப்படி அது பத்திரிகை. பத்திரிகையாகப் பதிவு செய்யப்பட்டது. இதழ் எண் உண்டு, மாதப் பெயர் உண்டு, ஆசிரியர் பெயர் உண்டு. ஆகவே புத்தகக் கடையை நம்ப வேண்டியதில்லை. நாளிதழும் வார இதழும் போகும் வழியிலேயே அதுவும் போகும். அச்சகத்திலிருந்து கட்டுகள் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி ஊர் ஊராக ஏஜெண்டுகளிடம் போய்ச் சேரும். அங்கிருந்து சைக்கிளில் பெட்டிக்கடைக்கு. தமிழ்நாட்டில் புத்தகக் கடையே இல்லாத ஊர்கள் ஏராளம். பேப்பர் போகாத ஊர் குறைவு. நாவல் அந்தப் பேப்பரின் முதுகில் ஏறிப் பயணம் செய்தது.

மலிவாக இருப்பதற்காக மற்றதெல்லாம் குறைக்கப்பட்டது. தாள் மட்டமான நியூஸ்பிரிண்ட். தைக்காமல் நடுவில் இரண்டு பின் அடித்தால் போதும். பக்கங்கள் பெரும்பாலும் நூறுக்கு முன்பின். வண்ணம் அட்டைக்கு மட்டும். கடைக்காரர் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டியதும், பத்தடி தூரத்தில் நிற்பவரை இழுக்க வேண்டியது அந்த அட்டைதான். அதனால்தான் அத்தனை சிவப்பு, அத்தனை மஞ்சள். அடுத்த மாதம் அடுத்த இதழ் வந்ததும் பழையது இறங்கிவிடும். ஒரு நாவலுக்குக் கடையில் ஆயுள் முப்பது நாள்.

வெளிநாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சானதால் இந்த வகைக் கதைகளுக்கே 'பல்ப்' என்று பெயர் வந்தது. இங்கிலாந்தில் 1935-இல் பெங்குவின் நிறுவனம் ஆறு பென்னிக்கு நல்ல நாவல்களை வெளியிட்டு, படிக்கும் பழக்கத்தையே மாற்றியது. வட இந்தியாவில் மீரட் நகரத்து அச்சகங்கள் ரயில் நிலையங்களுக்கு இந்தி மர்ம நாவல்களை அனுப்பிக்கொண்டிருந்தன. எங்கும் சூத்திரம் ஒன்றுதான்: பயணம் செய்கிறவருக்கு, சட்டைப் பையில் அடங்கும் அளவில், சில்லறைக் காசுக்கு ஒரு கதை.

எண்பதுகளின் நாயகர்கள்

1980-களில் இந்தச் சந்தை கொழித்தது. குமுதம் குழுமத்தின் 'மாலைமதி', குங்குமம் குழுமத்தின் 'குங்குமச்சிமிழ்', ஜி. அசோகன் வெளியிட்ட 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' என்று கடை முழுக்கத் தொங்கின. பழைய நாவல்களை மறுபடி அச்சிடும் காலம் முடிந்து, மாத நாவலுக்கென்றே எழுதும் எழுத்தாளர்கள் உருவானார்கள்.

முதலில் சொல்ல வேண்டியவர் கோயம்புத்தூர்க்காரர் ராஜேஷ்குமார். அவருடைய முதல் நாவல் 'வாடகைக்கு ஓர் உயிர்' 1980-இல் மாலைமதியில் வந்தது. அதன் பிறகு அவர் எழுதியது 1,500 நாவல்களுக்கு மேல். கணக்குப் போட்டால், நாற்பது வருடம் இடைவிடாமல் மாதத்துக்கு மூன்று நாவல் எழுதினாலும் அந்த எண்ணிக்கையைத் தொட முடியாது. அவர் கையாண்ட உத்தியும் நமக்கு நன்றாகத் தெரிந்தது. ஒற்றைப்படை அத்தியாயத்தில் ஒரு கதை, இரட்டைப்படை அத்தியாயத்தில் சம்பந்தமே இல்லாத வேறொரு கதை. கடைசிப் பத்துப் பக்கத்தில் இரண்டும் ஒரே புள்ளியில் முட்டும். 'எப்படி முட்டும்?' என்று யோசித்துக்கொண்டே சாதத்தைக் குழைய விட்ட தாய்மார்கள் எத்தனையோ பேர். எங்கள் அம்மாவும் அதில் ஒருவர்.

பட்டுக்கோட்டை பிரபாகர் ஊர்ப் பெயரையே தன் பெயரின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய பரத்–சுசீலா ஜோடி, சுசீலாவின் பனியன் வாசகங்கள், இருவரின் குறும்புப் பேச்சு எல்லாம் கல்லூரி விடுதிகளில் மனப்பாடம். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் 'சுபா' என்ற ஒரே பெயரில் எழுதினார்கள். நரேந்திரன்–வைஜயந்தியும் ஈகிள்ஸ் ஐ துப்பறியும் நிறுவனமும் அவர்கள் படைப்பு. ராஜேந்திரகுமார் எழுத்தில் ஆட்கள் திகைத்தால் 'ஙே' என்று விழிப்பார்கள். அரிச்சுவடியில் மட்டுமே பார்த்திருந்த அந்த ஒரு எழுத்துக்குப் பேச்சு வழக்கில் இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக நின்றவர் சுஜாதா. கணேஷ்–வசந்த் என்ற வக்கீல் ஜோடி வழியாக, சுருக்கமாக, வேகமாக, பேச்சு மொழியில் எழுதலாம் என்று காட்டியவர். இந்தப் பக்கம் பாலகுமாரன், அந்தப் பக்கம் குடும்ப நாவல்களில் ரமணிசந்திரன், அனுராதா ரமணன், வித்யா சுப்ரமணியம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாசகர் கூட்டம் இருந்தது.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். கோயம்புத்தூர், பட்டுக்கோட்டை என்று ஊர்கள் வருகின்றன. நம் மதுரைக்கும் இடம் உண்டு. இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையிலேயே வாழ்ந்து எழுதியவர். சித்தர், குலதெய்வம், மலைக்கோயில் என்று நம் பக்கத்து மண்ணின் நம்பிக்கைகளை மர்மக் கதையோடு கலந்தவர். மெட்ராஸில் பத்திரிகை அலுவலகத்துக்கு அலையாமல் தன் ஊரில் உட்கார்ந்துகொண்டே எழுதிப் பிழைக்க முடியும் என்ற நிலையைப் பல எழுத்தாளர்களுக்கு மாத நாவல் உண்டாக்கிக் கொடுத்தது.

நம் காளவாசலில்

காளவாசல் என்ற பெயரே சூளையைக் குறிப்பது. ஊரின் எல்லையாக இருந்த இந்த இடம் வளர்ந்து இன்று மேம்பாலம் வரை வந்துவிட்டது. ஆனால் எண்பதுகளில் இங்கே நின்றவர்களுக்கு இது முக்கியமாக பஸ் ஏறும் இடம். தேனி, போடி, கம்பம் போகிறவர்கள் இங்கே காத்திருப்பார்கள். பெரியார் பஸ் நிலையமும் ஆரப்பாளையமும் கொஞ்ச தூரம்தான். மாட்டுத்தாவணியெல்லாம் பிற்பாடு வந்தது.

தேனிக்கு பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு மாத நாவலைப் படித்து முடிக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. காளவாசலில் ஏறும்போது முதல் கொலை விழுந்தால், உசிலம்பட்டியில் சந்தேகம் தவறான ஆள் மேல் இருக்கும். ஆண்டிபட்டிக் கணவாய் இறங்கும்போது குற்றவாளி யார் என்று தெரிந்திருக்கும். தேனியில் இறங்கும்போது பக்கத்து சீட்டுக்காரர், "முடிச்சிட்டீங்களா, கொஞ்சம் குடுங்க" என்று கை நீட்டுவார். கொடுத்துவிட்டு இறங்கிப் போனவர்களும் உண்டு.

எல்லோரும் வாங்கிப் படித்தார்கள் என்று சொல்ல முடியாது. வாடகைக்கு எடுத்துப் படித்தவர்களே அதிகம். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் முன்னறையில் லெண்டிங் லைப்ரரி இருந்தது. முன்பணம் கட்டி உறுப்பினர் ஆக வேண்டும். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. எண்பதுகளின் கடைசியில் மூன்று ரூபாய் நாவலுக்கு முப்பது பைசா. நடத்தியவர் அட்டை கிழியாமல் இருக்கக் காக்கித் தாள் ஒட்டி, முதுகில் எண் எழுதி வைத்திருப்பார். கடைசிப் பக்கத்தை யாராவது கிழித்துவிட்டால் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பு போய்விடும் என்பதால், திருப்பி வாங்கும்போது கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

அங்கே யார் வருவார்கள் என்பதுதான் முக்கியம். ஷிப்ட் முடிந்து வரும் மில் தொழிலாளி, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும் பெண், வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பட்டதாரி, கடையில் கணக்கு எழுதுகிறவர். 1981 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 54 சதவீதம். 1991-இல் அது 63 சதவீதத்தை ஒட்டி வந்தது. அந்தப் பத்தாண்டில் புதிதாகப் படிக்க வந்த லட்சக்கணக்கானவர்களுக்குப் பாடப் புத்தகத்துக்கு வெளியே முதன்முதலாகக் கையில் கிடைத்த முழு நாவல், பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் அம்மா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். வெளியே எங்கு போவதென்றாலும் துணை வேண்டும். லைப்ரரிக்கு என்னைத்தான் அனுப்புவார். "படிச்சது கொண்டு வந்துடாதே, அட்டையைப் பார்த்து எடு" என்பார். எட்டு வயதில் அட்டைப் படங்களை வைத்துக் கதைகளை அடையாளம் தெரிந்துகொள்ளப் பழகினேன். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை அம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது. அந்த வீட்டில் அவருக்கென்று சொந்தமாக இருந்தது அந்த இரண்டு மணி நேரம் மட்டுமே. இது எனக்குப் புரிய நாற்பது வருடம் ஆயிற்று.

குறைகளையும் சொல்ல வேண்டும்

பழையதென்பதால் எல்லாமே பொன்னாகிவிடாது. பரணிலிருந்து எடுத்த அந்தக் கட்டில் பத்து நாவல்களை இந்த மாதம் மறுபடி படித்தேன். சில இன்றும் நிறுத்தாமல் படிக்க வைக்கின்றன. சில அவசரத்தில் எழுதியவை என்று நன்றாகத் தெரிகிறது. மாதக் கெடுவுக்குள் முடிக்க வேண்டியிருந்திருக்கும். நடுவில் வந்த ஒரு ஆள் கடைசிவரை திரும்பி வரவே இல்லை.

பெண்களை எழுதிய விதம் பல இடங்களில் முகம் சுளிக்க வைக்கிறது. ஒரு பெண் கதைக்குள் நுழைந்தால், அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதற்கு முன்னால் அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும் என்பது ஒரு வழக்கமாகவே இருந்திருக்கிறது. அட்டைகள் இன்னும் மோசம். அந்த அட்டைக்குப் பயந்தே நாளிதழுக்குள் மறைத்துப் படித்த பெண்கள் உண்டு. இன்னொரு பக்கம் வைஜயந்தியும் சுசீலாவும் ஆண் துப்பறிவாளனோடு சமமாக பைக்கில் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள். துணையில்லாமல் தெருமுனை தாண்டாத ஒரு வாசகி அதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்? இரண்டும் ஒரே புத்தகத்தில் இருந்தன என்பதுதான் உண்மை.

இலக்கிய உலகம் இவற்றைக் கண்டுகொள்ளவில்லை. பள்ளி ஆசிரியர்கள் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். (சிலர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.) அந்தக் கறார் ஓரளவு நியாயமானதே. ஆனால் ஒன்று: என் நண்பர்களில் பிற்பாடு ஜெயகாந்தனையும் அசோகமித்திரனையும் தேடிப் படித்தவர்கள் பலரும் மாத நாவல் வழியாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நூறு பக்கத்தை ஒரே மூச்சில் படிக்க முடியும் என்ற தைரியம் அங்கேதான் கிடைத்தது.

எப்படி மறைந்தன?

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அதுவரை தூர்தர்ஷன் மட்டுமே பார்த்துவந்த வீடுகளுக்குக் கேபிள் வந்தது. 1990-களின் நடுவில் 'மர்மதேசம்' வந்தது. கதை நம் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா, தயாரிப்பு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். 'விடாது கருப்பு' ஓடிய நாட்களில் இரவில் தெரு வெறிச்சோடியதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நாவல் எழுதிய கையே டிவிக்கும் கதை எழுதியது. 1999-இல் 'சித்தி' தொடங்கியபோது, மத்தியானமும் மாலையும் படித்துக்கொண்டிருந்த நேரத்தையெல்லாம் தொடர்கள் எடுத்துக்கொண்டன. அடுத்த அத்தியாயத்தில் என்ன ஆகும் என்ற அதே ஆவல் தொலைக்காட்சிக்கு இடம் மாறியது.

எழுத்தாளர்களும் புதிய இடங்களுக்குப் போனார்கள். சுபா, கே.வி. ஆனந்தோடு சேர்ந்து 'அயன்', 'கோ' போன்ற படங்களில் எழுதினார்கள். ராஜேஷ்குமாரின் கதை 2017-இல் 'குற்றம் 23' படமானது. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் இவர்களில் பலரின் கதைகளை ப்ரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது. நாம் எடைக்குப் போட்டதை ஆங்கில வாசகர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

லெண்டிங் லைப்ரரிகள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் தெரு லைப்ரரி இருந்த முன்னறையில் பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது, அப்புறம் செல்போன் ரீசார்ஜ் கடை, இப்போது பிரியாணிக் கடை. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையிலேயே காலமானார்.

ஏன் தேடினாலும் கிடைப்பதில்லை?

அம்மாவின் 'மலை பங்களா' கதையைத் தேடி நூலகங்களுக்குப் போனேன். அங்கே புரிந்தது. ஒரு நூலகம் புத்தகத்தைப் பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, அலமாரியில் வைக்கும். பத்திரிகை அப்படி இல்லை. மேஜையில் கிடக்கும், சில மாதங்களில் பழைய தாளாகக் கழிக்கப்படும். மாத நாவல் உள்ளே புத்தகமாக இருந்தும், வெளியே பத்திரிகை. எந்தப் பதிவு அதை மூலைமுடுக்குப் பெட்டிக்கடைக்குக் கொண்டு போனதோ, அதே பதிவுதான் அதை நூலக அலமாரிக்குப் போகவிடாமல் செய்தது.

ரமணிசந்திரன், பாலகுமாரன், சுஜாதா நாவல்கள் பிறகு கெட்டி அட்டையில் புத்தகங்களாக வந்துவிட்டன. ராஜேஷ்குமார் போன்றோரின் நாவல்களில் ஒரு பகுதி இன்று மின்நூலாகக் கிடைக்கிறது. ஆனால் அவ்வளவு பேர் பெறாதவர்கள் எழுதிய நாவல்களில் எத்தனையோ ஒரே ஒரு மாதம் மட்டும் அச்சில் இருந்தவை. மின்நூலாக வந்தவற்றிலும் அட்டை ஓவியம் இல்லை, விளம்பரம் இல்லை, வாசகர் கடிதம் இல்லை, உள்ளே ஜெயராஜோ அரஸோ வரைந்த படம் இல்லை. அந்தக் காலத்தை அறிய விரும்புகிறவருக்குக் கதை எவ்வளவு முக்கியமோ, அவையும் அவ்வளவு முக்கியம்.

தனி மனிதர் ஒருவர் சேர்த்து வைத்ததால் தப்பித்தவையும் உண்டு. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். பழைய கடையிலும் குப்பையிலும் கிடந்த தமிழ்ப் புத்தகங்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள் வரை வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992-இல் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. உலகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். அவர் சேர்த்தபோது, "இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?" என்று அவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள்.

நாம் அவர் அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு அலமாரி போதும்.

ஒரு வேண்டுகோள்

சங்க அலுவலகத்தில் பழைய கேரம் போர்டு வைத்திருந்த இரும்பு அலமாரியின் இரண்டு தட்டுகளை இதற்குத் தரச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. பி பிளாக் கட்டிலிருந்து வந்த 37 நாவல்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. பெரியவர்கள் எடுத்துப் படிக்கலாம். நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம்.

போகிக்குப் பரணைக் காலி செய்யும்போது மாத நாவல், பைண்டு செய்த தொடர்கதை எதுவாக இருந்தாலும் எடைக்குப் போடும் முன், நெருப்பில் போடும் முன், காவலாளியிடம் கொடுத்து வையுங்கள். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

• நடுவில் உள்ள பின் துருப்பிடித்திருந்தால் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, வெள்ளை நூலால் கட்டுங்கள். துரு தாளை அரித்துவிடும்.

• பிளாஸ்டிக் கவருக்குள் இறுக்கி மூட வேண்டாம். ஈரம் தங்கும். அட்டைப் பெட்டியும் கொஞ்சம் காற்றும் போதும்.

• ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும் துணிமுடிப்பில் கட்டி வையுங்கள். நேரடி வெயிலில் காய வைக்காதீர்கள். நியூஸ்பிரிண்ட் பழுத்து நொறுங்கிவிடும்.

• கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் மஞ்சள் கறையாக நின்றுவிடும்.

• ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். இந்த எழுத்தாளர்களில் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். மறைந்தவர்களுக்கும் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. கிடைக்கிற மின்நூலை வாங்கிப் படிப்பதே அவர்களுக்கு மரியாதை.

கடைசியாக ஒன்று. மலைமேல் ஒரு பங்களா. அதைப் பார்த்துக்கொள்ளும் வயதான சமையல்காரர். ஒரு அத்தியாயம் விட்டு ஒரு அத்தியாயம், மதுரை ரயில் நிலையத்தில் யாருக்காகவோ காத்திருக்கும் ஒரு பெண். எண்பதுகளின் நடுவில் வந்தது. அட்டையில் பச்சை நிறத்தில் ஒரு ஜன்னல் இருந்ததாக அம்மா சொல்கிறார். உங்கள் பரணில் இருந்தால், அல்லது தலைப்பு மட்டும் ஞாபகம் வந்தாலும்கூட, சி பிளாக் இரண்டாவது மாடிக்கு வாருங்கள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை மட்டும் வேண்டாம். அம்மா படித்துக்கொண்டிருப்பார்.